கப்பலேறிய ஆயாக்கள்

பூந்தமல்லியைத் தாண்டி திருவள்ளூர் சாலையில் சிறிது தூரம் போனால் திருமழிசை வரும். திருமழிசையாழ்வார் பிறந்த ஊர். அவர் பிறந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் பிறந்த அந்தக் குழந்தை கை கால் இல்லாத வெறும் பிண்டமாக இருந்ததாம். பெற்றவர்கள் அதைப் புதரடியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். திருமகள் அருளால் அது குழந்தை வடிவம் பெற்றது. பிரம்பு அறுக்க வந்த திருவாளன் அதைக் கண்டெடுத்துத் தன் மனைவி பங்கயச்செல்வியிடம் கொடுத்தார். குழந்தை பால் குடிக்க மறுத்தது. பிறகு வயதான ஒரு தம்பதி கொண்டுவந்த பாலைத்தான் முதன்முதலில் குடித்தது என்கிறது குருபரம்பரைக் கதை.

பெற்றவர் ஒருவர், பார்த்துக்கொள்பவர் இன்னொருவர் என்பது ஆக அவ்வளவு பழைய விஷயம்.

இன்று குழந்தைகளோடு வெளிநாடு போகிறவர்கள் ஓட்டல் வரவேற்பறையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால், சில மணி நேரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்து தருகிறார்கள். மணிக்கணக்கில் கூலி. இரவு வெகுநேரமாகிவிட்டால் அவர் வீடு திரும்ப டாக்ஸிக்கான பணத்தையும் பெற்றோரே தர வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் வீடு திரும்ப யார் செலவு செய்வது என்ற கேள்விக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. அதில் சென்னைக்கும் பங்கு உண்டு.

மெட்ராஸ் ஆயா

'ஆயா' என்ற சொல்லைக் கேட்டால் வட மாவட்டத்துக்காரர்களுக்குப் பாட்டி ஞாபகம் வரும். குழந்தை பார்ப்பவரைக் குறிக்கும் ஆயா வேறு. அது 'அயா' என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. வெள்ளைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு இந்தியா முழுவதும் பரப்பினார்கள்.

அன்று பூந்தமல்லியில் ஐரோப்பிய சிப்பாய்களுக்கான ராணுவக் குடியிருப்பு இருந்தது. கோட்டையிலும் எழும்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் அதிகாரிகளின் பங்களாக்கள் இருந்தன. வசதியுள்ள வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பிறந்தால் ஆயா வந்துவிடுவார். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தாலாட்டுவது எல்லாம் அவர்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்துக்கு முன்பே ஆயாவின் மொழியைப் பேசினார்கள். ஓரளவு ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் என்று மெட்ராஸ் ஆயாக்களுக்குத் தனிப் பெயரே இருந்தது.

சிக்கல் ஊருக்குத் திரும்பும்போது வரும். வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்தும் படிப்புக்காகவும் வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பாய்மரக் கப்பலில் போக மாதக்கணக்கில் ஆகும். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகும் நீராவிக் கப்பலில் வாரக்கணக்கில் பயணம். கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சென்னையில் அப்போது செயற்கைத் துறைமுகம் கிடையாது. கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. அதையும் 1881ல் ஒரு புயல் பெரும்பாலும் அழித்துவிட்டது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறி, அலைகளைத் தாண்டிப் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். கைக்குழந்தையோடு அப்படிப் போவதை நினைத்துப் பாருங்கள். கப்பலில் தாய்க்கு வாந்தியும் தலைசுற்றலும் வந்துவிட்டால் பிள்ளைகளோடு தாயையும் ஆயாதான் கவனிக்க வேண்டும்.

லண்டனில் என்ன நடந்தது?

கப்பல் லண்டன் போய்ச் சேர்ந்ததும் ஆயாவின் வேலை முடிந்துவிடும். அங்கே குழந்தை பார்க்க வெள்ளைக்காரப் பெண்கள் இருந்தார்கள். ஆயாவைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? கூட்டி வந்தவருடையது என்பதுதான் பொதுவான பேச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு காலத்தில் இந்திய வேலைக்காரர்களை அழைத்துப் போகிறவர்களிடம் பிணைத்தொகைகூட வாங்கி வைத்தது. ஆனால் எல்லோரும் சொன்னபடி நடக்கவில்லை. சிலர் திரும்பும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து நடுத்தெருவில் விட்டுவிட்டார்கள். 1908ல் ஓர் ஆயா வெறும் 1 பவுனோடு லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் விடப்பட்டார். மொழியும் குளிரும் பழகாத ஊரில் அது எத்தனை நாளைக்கு வரும்?

இப்படித் தவித்தவர்களுக்காக லண்டனில் 'ஆயாக்கள் இல்லம்' என்று ஒன்று உருவானது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்தது. 1900ல் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் எண் வீட்டுக்கு மாறியது. 1921ல் அதே சாலையில் 4ஆம் எண்ணுக்குப் போனது. லண்டன் சிட்டி மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு இதை நடத்தியது. தங்க இடம் கொடுப்பதோடு மதம் மாற்றும் நோக்கமும் அவர்களுக்கு இருந்தது. சுமார் 30 அறைகள். ஆண்டுக்கு 100 பேர் அளவில் வந்து தங்கினார்கள். சீனாவிலிருந்து வந்த 'ஆமா'க்களும் இங்கே தங்கினார்கள்.

இல்லம் நடந்த விதம் சுவாரசியமானது. ஆயாவின் திரும்பும் டிக்கெட்டைக் கூட்டி வந்த குடும்பம் இல்லத்துப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடும். இந்தியாவுக்குக் கிளம்பும் வேறொரு குடும்பம் தங்கள் பிள்ளைகளுக்கு ஆள் தேடி அங்கே வரும். அந்த டிக்கெட்டை அவர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் ஆயாவின் சாப்பாட்டுச் செலவைச் சரிக்கட்டுவார்கள். ஆயா அந்தக் குடும்பத்தோடு கப்பலேறுவார். ஊருக்குப் போகும் வழியிலும் வேலைதான்! ஆனாலும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள் அல்லவா?

சிலர் இதையே தொழிலாகக் கொண்டார்கள். அந்தோணி பெரேரா என்ற ஆயா 54 தடவை இப்படிக் கடல் கடந்தவர் என்று பதிவாகியிருக்கிறது. அவர் பெயராவது தெரிகிறது. கப்பல் பயணிகள் பட்டியல்களில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. 'இன்ன துரைசானியின் ஆயா' என்பதோடு சரி. இதனால்தான் அவர்களில் யார் மயிலாப்பூர், யார் பூந்தமல்லி என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்றைக்கு

வெள்ளைக்காரர் ஆட்சி முடிந்ததோடு அந்த இல்லத்தின் தேவையும் முடிந்தது. வீடு மட்டும் நின்றது. ஃபர்ஹானா மமூஜி என்ற பெண் எடுத்த முயற்சியால் 2022 ஜூன் மாதம் 26ஆம் எண் வீட்டில் ஒரு நீல நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

பலகை வந்ததால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. குடும்பங்களோடு பிரிட்டனுக்கு வரும் வீட்டு வேலைக்காரர்கள் முதலாளி கொடுமைப்படுத்தினால் வேறு இடம் மாறலாம் என்ற உரிமை 1998ல் கிடைத்தது. 2012 ஏப்ரலில் அது பறிக்கப்பட்டு, விசா 6 மாதம் மட்டும் என்று ஆனது. 2016ல் இடம் மாறும் உரிமை திரும்பியது. ஆனால் அந்த 6 மாதத்துக்குள் எத்தனை நாள் மிச்சமிருக்கிறதோ அவ்வளவுக்குத்தான். சில வாரமே தங்கப்போகிறவரை யார் வேலைக்கு வைப்பார்கள்?

திருமழிசைக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. பால் கொண்டுவந்த அந்த வயதான தம்பதிக்குக் கணிகண்ணன் என்று ஒரு மகன் பிறந்தான். அவன் ஆழ்வாருக்குச் சீடன் ஆனான். பின்னாளில் காஞ்சியில் அரசன் தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னபோது கணிகண்ணன் மறுத்தான். நாட்டை விட்டுப் போ என்றான் அரசன். ஆழ்வார் அவனைத் தனியே அனுப்பவில்லை. தானும் கிளம்பினார். திருவெஃகா பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெருமாளும் எழுந்து போனார். அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகே எல்லோரும் காஞ்சிக்குத் திரும்பினார்கள்.

பால் கொடுத்தவர்களின் பிள்ளையை நடுவழியில் விடாமல் ஊர் கொண்டுவந்து சேர்த்த கதை அது. கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் 1 பவுனோடு நின்ற அந்தப் பெண்ணும் யாரோ ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்தவர்தான். அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க அன்று அங்கே யாரும் இல்லை.