நிமோனியா குணமான பிறகும் மூச்சு வாங்குவது ஏன்?

காய்ச்சல் விட்டுவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும் வந்தாகிவிட்டது. ஆனால் வாப்பா பாத்ரூம் போய்வந்தாலே மூச்சு வாங்குகிறார், பாதிப் பேச்சில் நிறுத்தி இளைப்பாறுகிறார். "மருந்து முடிஞ்சு பத்து நாளாச்சே, மறுபடியும் வந்துடுச்சோ?" என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி அதே ஆன்டிபயாடிக்கை மெடிக்கலில் மீண்டும் வாங்கிக் கொடுப்பதும், அவரைக் கட்டிலைவிட்டு எழவிடாமல் வைத்திருப்பதும் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. இரண்டுமே அவருக்கு நன்மை செய்வதில்லை.

நிமோனியாவில் நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றறைகள் நீராலும் சீழாலும் நிரம்பிவிடுகின்றன. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும். தேங்கிய கழிவை அகற்றுவது உடலின் வேலை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளை நிழலும் உடனே மறைந்துவிடாது. இதோடு இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. பத்து நாள் படுத்தே இருந்தவரின் கால் தசைகளும் மூச்சுத் தசைகளும் மெலிந்துவிடுகின்றன. பலருக்கு நடந்தால் இரைப்பதற்கு நுரையீரலைவிட இந்தத் தளர்ச்சியே பெரிய காரணம்.

பொதுவாக ஒரு வாரத்தில் காய்ச்சல் நின்றுவிட வேண்டும். 4 வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் வெகுவாகக் குறையும். 6 வாரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் நன்றாகக் குறையும். 3 மாதத்தில் பெரும்பாலான தொல்லைகள் போய், அசதி மட்டும் மிஞ்சலாம். முழுத் தெம்பு வர சிலருக்கு 6 மாதம் ஆகும். முதியவர்களுக்கும், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் தாமதமாகலாம். எனவே "இன்னும் இருமல் இருக்கிறதா?" என்பதைவிட "போன வாரத்தைவிடப் பரவாயில்லையா?" என்று கேட்பதே சரி.

மூச்சு வாங்கும்போது படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து சற்று முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றச் சொல்லுங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, சூடான டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். சில நிமிடங்களில் இரைப்பு அடங்கும்.

சளியை வெளியேற்ற, மூன்று நான்கு முறை ஆழமாக இழுத்து, ஒவ்வொரு முறையும் 3 விநாடி அடக்கி விட வேண்டும். பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து "ஹா" என்று பலமாக ஊதினால் சளி மேலே வரும். தொடர்ந்து இருமி நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்வதைவிட இது எளிது. தண்ணீர் போதுமான அளவு குடித்தால் சளி இளகும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவை மீற வேண்டாம். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை மருத்துவமனையில் கொடுத்திருப்பார்கள். பலர் அதை ஊதுகிறார்கள்! மூச்சை உள்ளே இழுத்துத்தான் பந்தை உயர்த்த வேண்டும்.

நடை மிக முக்கியம். முதலில் வீட்டுக்குள் 5 நிமிடம், பிறகு வாசல், பிறகு தெரு. நடக்கும்போது பேச முடிந்தால் அளவு சரி. பேச முடியாவிட்டால் நின்றுவிட வேண்டும். ஸஜ்தாவில் குனியும்போது சிலருக்கு மூச்சு முட்டும். அவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது. தெம்பு வருமுன் மாடிப்படி ஏறி ஜமாஅத்துக்குப் போகத் துடிக்கும் பெரியவர்களை அன்பாகச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

புகையை வீட்டிலிருந்து விலக்குங்கள். பீடி, சிகரெட் மட்டுமல்ல. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், விறகடுப்பு எல்லாம் ஆறிவரும் நுரையீரலை எரிச்சலூட்டும். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விலகும், நுரையீரல் சளி கரையாது; கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்தும் உண்டு. இருமலை அடக்கும் சிரப்பை நாமாக வாங்கிக் கொடுத்தால் சளி உள்ளேயே தங்கிவிடும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்து நிறுத்துவதும் தவறு. அது எல்லோருக்கும் தேவையில்லை, எழுதித் தரப்பட்டவர்கள் நிறுத்தக் கூடாது.

ஆக்சிமீட்டர் இருந்தால் ஓய்வாக உட்கார்ந்தபின் பாருங்கள். நகப்பூச்சும் கருப்பு மருதாணியும் அளவைக் குழப்பலாம். 92-க்குக் கீழே நின்றால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். நீண்டகால நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அளவு வேறு; அதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உதடு நீலம் பாய்ந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, திடீர் நெஞ்சுவலி, சளியில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்திருந்தாலும், இதயம் பலவீனமாகியிருந்தாலும் மூச்சு இப்படித்தான் திணறும். நின்ற காய்ச்சல் திரும்பினால் நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ கட்டியிருக்கலாம். அதையும் தள்ளிப்போடக் கூடாது.

6 வாரம் கடந்தும் முன்னேற்றம் இல்லையென்றால் மீண்டும் எக்ஸ்ரே வேண்டும். புகைபிடிக்கும் 50 வயது கடந்தவர்கள் நன்றாக உணர்ந்தாலும் எடுத்துவிடுவது நல்லது. நிமோனியாவுக்குப் பின்னால் கட்டி மறைந்திருப்பது உண்டு. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். அப்படிப் போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்பதையும் அன்றே கேட்டுவிடலாம்.