புழல் ஏரி: நீரின் உடைமையும் உரிமையும்

செங்குன்றத்தை ஒட்டிய புழல் ஏரியைச் சென்னையின் குடிநீர்த் தேக்கமாகவே நாம் அறிவோம். 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் இந்த ஏரி முன்னர் வயல்களுக்குப் பாய்ந்தது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று புழற்கோட்டம்.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1763இல் செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அங்கே 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து எழுதிய கணக்குகள் ஒரு செய்தியைத் தெளிவாக்குகின்றன: விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஏரியைக் காத்தது அரசாணையன்று, களத்து நெல்.

இவ்வேற்பாடு இஸ்லாமியச் சட்ட மரபுக்கு அந்நியமானதன்று. நீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழி வழி நாம் அறிந்த நெறி. கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதுக்காகக் ‘கிதாபுல் கராஜ்’ எழுதிய காஜி அபூ யூசுஃப் (இறப்பு ஹிஜ்ரி 182), திஜ்லா, ஃபுராத் போன்ற பேராறுகளைச் சீர்படுத்தும் செலவைப் பைத்துல்மாலின் மீதும், தனிக் கால்வாய்களின் செலவை அவற்றால் பயன் பெறுவோர் மீதும் வைக்கிறார். பொதுநீரில் எவரும் பாசனம் செய்யலாம். பிறருக்குத் தீங்கு நேரக் கூடாது.

1872இல் பொறியாளர் ஃப்ரேசரின் திட்டம் நிறைவேறியது. கொசஸ்தலையாற்று நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்டுச் சோழவரம் வழியாகப் புழலுக்கு வந்து, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் சென்றது. அதுவரை ஏழுகிணற்றையும் வீட்டுக் கிணறுகளையும் நம்பியிருந்த பட்டணத்துக்கு அது பெருங்கொடை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏரியின் முகம் வயலிலிருந்து நகருக்குத் திரும்பிவிட்டது.

சட்டம் சென்ற வழியும் கவனிக்கத்தக்கது. குடிமராமத்துக்கு உழைக்குமாறு ஊராரைக் கட்டாயப்படுத்த 1858இல் ஒரு சட்டம். அரசு நீருக்குத் தீர்வை விதிக்க 1865இல் மற்றொன்று. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமோ ஆறு, ஏரி ஆகியவற்றின் படுகைகளையும், தேங்கியதும் ஓடுவதுமான நீரையும், பிறர் உடைமையென நிறுவப்பட்டவை நீங்கலாக, அரசின் சொத்தாக அறிவித்தது. வழக்காற்று உரிமைகளுக்கு உட்பட்டே என்றொரு வாசகமும் அதில் உண்டு. அவ்வாசகத்தைக் கொண்டு வாதாடுவதற்கு ஆயக்கட்டு நிலைத்திருக்க வேண்டும். வயல் மனையாகும்போது உரிமையும் வழக்கின்றியே மறைகிறது.

மிக விநோதமானது நிலத்தடி நீரின் நிலை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் குறித்த ஓடையாக ஓடாத நீரை எடுத்துப் பயன்படுத்த நில உடைமையாளருக்கு உரிமை உண்டு. ஆகவே ஏரி நீரில் உரிமை இழந்த உழவர், கிணற்று நீரை விற்கலாயினர். 2000களின் வறட்சியில் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகை வயற்கிணறுகளிலிருந்து சென்னைக் குடிநீர் வாரியமே நீர் வாங்கியது. நீரிறைத்து விற்றவரின் வரவில், நிலமற்ற கூலியாளுக்குப் பங்கில்லை. ஒரு கிணற்றைச் சுற்றி வேறெவரும் தோண்டலாகாத ‘ஹரீம்’ எல்லையை ஃபிக்ஹு நூல்கள் முழக் கணக்கில் வகுத்தன. கிணறு தோண்ட அனுமதியும், நீரை ஏற்றிச் செல்ல உரிமமும் வேண்டுமென இங்கே சட்டம் வந்தது 1987இல்.