ஜானி யூனிடஸின் வலது கை



இன்னைக்கு ஒரு மனுஷனோட வலது கையைப் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

1. அமெரிக்கன் ஃபுட்பால் நமக்குத் தெரிஞ்ச கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூரான பந்தைக் கையால் எறிந்தும், சுமந்து ஓடியும் ஆடுவது. ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்கு வரும். யாருக்கு எறிவது என்று சில விநாடிகளில் அவர் முடிவெடுக்கணும். அதற்குள் அவரைச் சாய்க்கவே நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் பாய்ந்து வருவார்கள்.

2. ஜானி யூனிடஸ் 1933இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். ஐந்து வயதில் அப்பா தவறிவிட்டார். அம்மாதான் நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். 1955இல் சொந்த ஊர் அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை ஒன்பதாவது சுற்றில் எடுத்தது. சீசன் தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பியும் விட்டது. கட்டுமான வேலைக்குப் போனார். கூடவே ஓர் உள்ளூர் அணிக்கு ஆடினார். ஒரு ஆட்டத்துக்கு 6 டாலர் கூலி.

3. 1956இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி கூப்பிட்டது. முதன்மை குவாட்டர்பேக் காலில் அடிபட்டதும் இவரை இறக்கினார்கள். அந்த ஆட்டத்தில் எறிந்த முதல் பந்தே எதிரணி கையில் சிக்கி டச் டவுன் ஆனது.

ஆனால் அதே சீசனில் தொடங்கி 1960 வரை, தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு டச் டவுன் எறிந்தார். அந்தச் சாதனையை முறியடிக்க 2012இல் ட்ரூ ப்ரீஸ் வரவேண்டியிருந்தது.

4. 1958 டிசம்பர் 28. நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். இறுதி ஆட்டம். கோல்ட்ஸ் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி இரண்டு நிமிடத்தில் யூனிடஸ் அணியை எறிந்து எறிந்தே முன்னேற்றினார். ஏழு விநாடி மிச்சமிருக்கும்போது ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் 23-17 என வெற்றி. கோடிக்கணக்கானோர் டிவியில் பார்த்தார்கள். அந்த விளையாட்டு டிவி வழியாக அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்ததில் இந்த ஆட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

5. இப்ப டாக்டரா ஒரு விஷயம் சொல்றேன். அதே சீசனில், நவம்பர் தொடக்கத்தில், இவருக்கு விலா எலும்புகள் முறிந்து நுரையீரல் குத்துப்பட்டது. இரண்டே ஆட்டம்தான் ஓய்வு. மார்பில் கவசம் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். ஊரே கொண்டாடியது. இந்தக் கொண்டாட்டத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

6. 1968. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். வலது முழங்கைக்கு உள்பக்கம் பலமான அடி. விரல்களை மடக்கும் தசைகள் பல அங்கேதான் தொடங்குகின்றன. சுண்டுவிரல் பக்கம் போகும் நரம்பும் அங்கே எலும்பை ஒட்டித்தான் போகிறது. இடித்துக்கொண்டால் 'சுரீர்'னு ஷாக் அடிக்குமே, அதே இடம்.

அந்த சீசன் பெரும்பாலும் பெஞ்சில் கழிந்தது. பிறகு ஐந்து சீசன் ஆடினார். 1974இல் ஓய்வு பெறும்போது எறிந்த மொத்த தூரம் 40,239 யார்டு. 40,000 யார்டைத் தாண்டிய முதல் ஆள்.

7. பல வருஷம் கழித்து, 1990களில், அந்தக் கை விட்டுப்போனது. பட்டன் போட முடியவில்லை. முள்கரண்டி பிடிக்க முடியவில்லை. காபி நிறைந்த கப்பைத் தூக்க முடியவில்லை. கோல்ஃப் ஆட, இடது கையால் வலது கை விரல்களை மட்டையைச் சுற்றி மடக்கி, பட்டை போட்டுக் கட்டிக்கொள்வார். இரண்டு முழங்காலிலும் செயற்கை மூட்டு வேறு.

8. லீகிடம் ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டார். மறுத்துவிட்டார்கள். காரணங்கள்: 55 வயதுக்குள் விண்ணப்பிக்கவில்லை, ஏற்கெனவே பென்ஷன் வாங்குகிறார், முழு ஊனமும் இல்லை.

கணக்குப் போடுங்க. 1933இல் பிறந்தவருக்கு 1988இல் 55 வயது. கை செயலிழந்தது அதற்குப் பிறகு!

வயசானால் வரும் தேய்மானத்தையும் வேலையில் பட்ட அடியையும் பிரிப்பது கஷ்டம்தான். ஏதாவது ஒரு வரம்பு தேவை என்பதும் நியாயமே. ஆனால் நரம்புக்கு நம்ம காலண்டர் தெரியாது. அடி ஒரு நாளில் விழும், பாதிப்பு இருபது வருஷம் கழித்தும் வரலாம்.

9. 2002 செப்டம்பர் 11 அன்று, பிசியோதெரபி மையத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது மாரடைப்பு. வயது 69. பால்டிமோர் மைதான வாசலில் இன்று அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. பந்தை எறியத் தயாராக நிற்கும் சிலை.

10. சாதனைப் புத்தகத்தில் 40,239 யார்டு இருக்கிறது. பட்டன் போட முடியாத விரல் இல்லை. அவருடைய வரலாறு என்றால் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதணும் என்பது என் கருத்து.

அரசு மருத்துவமனை ஓபியில் இதே கதையை வேறு கைகளில் பார்க்கிறோம். மூட்டை தூக்கியவர், கம்பி கட்டியவர், தறி ஓட்டியவர். "அன்னைக்கே சரியாயிடுச்சு சார்" என்பார்கள். கையில் ஒரு சீட்டு கூட இருக்காது.

அதனால ஒரே வேண்டுகோள். வேலையில் அடிபட்டால், சின்னதா இருந்தாலும் பதிவு செய்யுங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, விபத்துப் பதிவேட்டின் நகல் எல்லாத்தையும் பத்திரமா வைங்க. எக்ஸ்ரே நார்மல் என்றால் நரம்பும் நார்மல் என்று அர்த்தமில்லை. மரத்துப்போவது, பிடி தளர்வது தெரிஞ்சா உடனே வந்து காட்டுங்க.