ஏலமலைச் சரிவில் புகையிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திருவிதாங்கூரில் ஏலக்காய், புகையிலை இரண்டுக்கும் அரசே ஏகபோக வியாபாரி. அதன் கிழக்கெல்லையிலுள்ள ஏலமலையில் தோட்டம் போட்டவர்களில் பெரும்பாலோர் போடிநாயக்கனூர், கம்பம் பக்கத்துக்காரர்கள். அவர்கள் குடியிருந்தது வெள்ளையர் ஆண்ட மதுரை ஜில்லாவில். காயை ஒப்படைக்க வேண்டியது மகாராஜாவின் சர்க்காரிடம். சர்க்கார் கொடுத்த விலை சந்தை விலைக்கு எட்டாததால் மூட்டைகள் கள்ளத்தனமாக மலையிறங்கின. சர்க்கார் விற்ற புகையிலையோ கிழக்கே கிடைத்ததைவிட விலை கூடியது, அதனால் கிழக்குப் புகையிலை எதிர்த்திசையில் மலையேறியது. சுங்கச் சௌக்கிகளும் காவலர்களும் இருந்தும் இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. கடைசியில் 1863-இல் புகையிலை ஏகபோகத்தையும் 1896-இல் ஏலக்காய் ஏகபோகத்தையும் அரசே கைவிட்டது. ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவரிடம் மருத்துவர் புகையிலை பற்றி எப்படிக் கேட்க வேண்டும் என்ற இன்றைய கேள்விக்கு இந்தப் பழங்கதை உதவும் என்பதே என் வாதம்.

சர்க்காரின் கணக்கில் புகையிலை ஒரே சரக்கு. உடம்பின் கணக்கு வேறு. வெற்றிலையோடு மென்றார்கள், பொடியாக மூக்கில் இழுத்தார்கள், சுருட்டாகப் பிடித்தார்கள். மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்தில் இறங்குபவர்கள் அட்டை ஏறாமலிருக்கக் காலில் தேய்த்துக்கொண்டதும் புகையிலையைத்தான். இத்தனை வடிவங்களிலும் நிகோடின் உண்டு. ஆனால் இலையை எரித்துப் புகையை உள்ளிழுக்கும்போது மட்டும்தான் தாரில் உள்ள சில வேதிப்பொருட்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையின் ஒரு பகுதியை உடைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். நிகோடினுக்கு இதில் பங்கில்லை. ஏலக்காய் ஸ்டோரில் விறகெரித்துக் காயை உலர்த்தும்போது புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளிவிட்டுச் சூட்டை மட்டும் காய்க்குக் கொடுப்பார்கள். புகை பட்டால் நிறமும் மணமும் கெடும். மின்சிகரெட்டும் அப்படி எரிபுகையை விலக்கி நிகோடினை ஆவியில் ஏற்றித் தருவது.

எனவே பீடியை விட்டு மின்சிகரெட்டுக்குப் போகிறவரின் கல்லீரல், புகையை அடியோடு விட்டவரின் கல்லீரலைப் போலவே நடந்துகொள்ளும். நொதியின் வேகம் சில நாட்களில் தணியும். நேற்றுவரை சரியாக இருந்த மாத்திரை அளவு இன்று கூடுதலாகிவிடலாம். 2011-இல் ‘செஸ்ட்’ மருத்துவ இதழில் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை, புகைப்பவர்களுக்கு வார்ஃபரின் சுமார் 12 சதவீதம் அதிகம் தேவைப்படுவதாகக் கணக்கிட்டது. இது பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். வேறு பல மருந்துகளுக்கு இது பொருட்டில்லை. வார்ஃபரினிலோ குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் கசியும். நடுவிலுள்ள இடம் குறுகல். இதயத்தில் இயந்திர வகைச் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் ஆயுள் முழுக்க அந்தக் குறுகலான இடத்தில்தான் நிற்க வேண்டும். அதே பழைய திருவிதாங்கூரின் தலைநகரில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வுக்கும் இதே நிபந்தனைதான்.

அப்படியானால் புகைப்பதைத் தொடர்வதே மேல் என்று யாராவது முடிவு கட்டினால் அது தலைகீழ் நியாயம். புகை ரத்தத்தைக் கட்டியாக உறையச் செய்கிறது, ரத்தக்குழாயைக் கெடுக்கிறது. மாத்திரை அளவைத் திருத்த ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மின்சிகரெட்டின் நிகோடினும் இதயத்துக்கு நண்பன் அல்ல. வால்வு வைத்தவருக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. தமிழ்நாடு 2018-இலும், நாடு முழுமைக்குமாக ஒன்றிய அரசு 2019-இலும் மின்சிகரெட்டைத் தடைசெய்துவிட்டன. கடையில் இல்லாத பொருளைப் பற்றி மருத்துவர் ஏன் கேட்க வேண்டும்? இங்கேதான் சௌக்கிக் காலத்துச் சான்று பேசுகிறது. இதே மலையில் காவல் போட்டும் சரக்கு நடமாடியது, மறைவாக. மறைவாக வாங்கியதை மருத்துவரிடம் யாரும் தானாகச் சொல்வதில்லை. அதோடு, தோட்டக் கூலிக்காரருக்கு விலையுயர்ந்த அந்தக் கருவி எட்டாது என்பது உண்மையானாலும், பீடியை விட்டு வாயில் புகையிலையை அடக்கிக்கொள்வது எட்டும். 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்த பிறகும் மெல்லும் பழக்கம் மறையவில்லை. கல்லீரலைப் பொறுத்தவரை அதுவும் புகை நின்ற கணக்குதான். ஆகவே சீட்டு எழுதுபவர் ‘புகையிலை உண்டா’ என்று மட்டும் கேட்டால், பீடியிலிருந்து வாய்ப்புகையிலைக்கு மாறியவர் போன மாதமும் ‘உண்டு’ என்பார், இந்த மாதமும் ‘உண்டு’ என்பார். எந்த வடிவில், எப்போதிலிருந்து என்று கேட்டால்தான் அடுத்த ரத்தப் பரிசோதனையை ஒரு வாரத்துக்குள் வைக்க வேண்டும் என்பது தெரியவரும்.