கோலாருக்கு வந்த கரண்டும் எங்கள் வீட்டுச் செல்லாரும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

என் அண்ணன் மகன் ஓசூரில் வீடு கட்டுகிறான். மனை சரிவான இடம். ரோட்டு மட்டத்தில் ஒரு தளம், அதற்குக் கீழே பாதி மண்ணுக்குள் இறங்கிய ஒரு தளம். நம் கொத்தனார்களிடம் 'பேஸ்மென்ட்' என்றால் அஸ்திவாரத்துக்கு மேல் தரை மட்டம் வரை எழுப்புவதைத்தான் நினைப்பார்கள். அதனால் பெங்களூர்க்காரர்கள் மாதிரி நாங்களும் 'செல்லார்' என்றே சொல்கிறோம். பழைய சாமான் போடத்தான் அந்த இடத்தை விட்டார்கள். இப்போது அவன் மகள் அங்கே தையல் யூனிட் வைக்கப் போகிறாள். நான்கு மெஷின், இரண்டு அயர்ன் பாக்ஸ், ஃபேன், லைட்டு.

போன மாதம் போனில், "அத்தை, மேலே இருந்து ஒரு லைன் கீழே இழுத்துவிட்டால் போதும் என்று வயரிங்காரர் சொல்கிறார். நாளைக்குப் பூச்சு வேலை ஆரம்பிக்கிறோம்" என்றான். "பூச்சை நிறுத்து, நான் வருகிறேன்" என்று சொல்லி, மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டேன். ஏன் அப்படிப் பதறினேன் என்பதைச் சொல்ல, கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

நம் எல்லைப் பக்கத்துக்கு மின்சாரம் எப்படி வந்தது? ஐந்தாம் வகுப்பில் நான் கேட்ட கேள்விதான். முதலில் அது வீட்டுக்கு வரவில்லை, சுரங்கத்துக்கு வந்தது. காவிரி விழுகிற சிவசமுத்திரத்தில் மைசூர் அரசு நீர்மின் நிலையம் கட்டியது. திட்டத்தை முன்னின்று நடத்திய பொறியாளர் ஜோலி டி லோட்பினியர். ஆதரித்த திவான் சேஷாத்ரி ஐயர் 1901-லேயே இறந்துவிட்டார், அந்த வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. 1902 ஜூன் மாதக் கடைசியில் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் பாய்ந்தது. ஏறத்தாழ 92 மைல் தூரம். அந்தக் காலத்தில் உலகமே வியந்து பார்த்த நீளம் அது. பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிய 1905 ஆகஸ்ட் 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கம் முதலில், தெரு அப்புறம்!

அந்தச் சுரங்கத்தில் இறங்கிப் பாடுபட்டவர்களில் வடஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து போன நம் தமிழர்கள் ஏராளம். பல குடும்பங்களில் இன்றும் 'தாத்தா கோலாரில் இருந்தார்' என்ற பேச்சு உண்டு.

நம் மாகாணத்தில் 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர் நீர்மின் நிலையங்கள் வந்தன. 1957 ஜூலை 1-ல் மின்வாரியம் உருவானது. அதன் பிறகு கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டார்கள். கவலை ஏற்றம் இருந்த கிணறுகளில் மோட்டார் உட்கார்ந்தது. கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது. அதில் நமக்குப் பெருமை உண்டு. எங்கள் வீட்டுக்கு அதில் ஒரு துக்கமும் உண்டு.

1974. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். மழை விட்ட காலை. பெரிய அண்ணன் வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போய், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டார். இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு ஒயர் உரசிப் பெட்டி முழுக்கக் கரண்ட் ஏறியிருந்தது. அண்ணனுக்கு 24 வயது. இப்போது வீடு கட்டுகிறானே, அந்தப் பிள்ளைக்கு அப்போது ஆறு மாதம்.

'விதி' என்றார்கள் ஊரில். ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து அறிவியல் பாடம் நடத்த ஆரம்பித்த பிறகுதான், விதி என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்று தெரிந்தது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே, மோட்டாரின் உலோக உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அண்ணன் இறப்பதற்கு 18 வருடம் முன்பே அந்த விதி இருந்தது. எங்கள் கிணற்றடியில் ஒரு எர்த் கூட இல்லை. பொருத்தியவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்போது பலர் கேட்டது, "ஃபியூஸ் ஏன் போகவில்லை?" என்று. இதோ கணக்கு. ஓம் விதி நினைவிருக்கிறதா? நனைந்த உடம்பின் மின்தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். மோட்டாருக்குப் போட்டிருந்த ஃபியூஸ் 15 ஆம்பியர். ஒரு மனிதனைக் கொல்லும் கரண்டைப் போல 65 மடங்கு போனால்தான் அதற்கு உறைக்கும். ஃபியூஸும் சரி, இன்றைய எம்சிபியும் சரி, ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன. மனிதனைக் காப்பாற்றுவது வேறு கருவி.

அந்தக் கருவியின் கதையும் தங்கச் சுரங்கத்தில்தான் தொடங்குகிறது. 1950-களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் என்பவர் கசிவு மின்சாரத்தைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். 1961-ல் அமெரிக்காவில் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சியல், 5 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கிற கருவியைச் செய்தார். தத்துவம் எளிது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால், அது யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். உடனே துண்டித்துவிடும். நம் வீடுகளில் இதை ஆர்சிசிபி என்கிறோம். வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் அளவு. ஒரு 40 வாட் குண்டு பல்பு எடுக்கும் கரண்டில் ஆறில் ஒரு பங்குதான்.

இப்போது செல்லாருக்கு வருவோம். கிணற்றடிக்கும் செல்லாருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஈரம், மண், இரும்பு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதை மறக்க முடியுமா? அதே வருடம் ஜூலை 27-ல் டெல்லி பழைய ராஜேந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் கீழ்த்தள நூலகத்தில் வெள்ளம் புகுந்து மூன்று பிள்ளைகள் போனார்கள். தண்ணீர் எப்போதும் பள்ளத்தைத் தேடித்தான் வரும்.

ஓசூரில் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் என் பழைய மாணவர். அவரையும் வரச் சொன்னேன். "டீச்சர் கூப்பிட்டால் வராமல் இருப்பேனா" என்று வந்துவிட்டார். அவரும் பழைய வயரிங்காரரும் நானும் தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டுத் தாளில் பிளான் போட்டோம். முடிவு செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் லோடு கணக்கு. ஒரு அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றால் 4 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். மேல் வீட்டு லைனில் ஒட்டுப் போட்டால் ஒயர் சூடாகும். அதனால் செல்லாருக்குத் தனி லைன். லைட்டு, மெஷின், அயர்ன் மூன்றுக்கும் தனித்தனி சர்க்யூட்.

அதன் டிபி பெட்டி மேல் தளத்தில். தண்ணீர் புகுந்தால் கீழே இறங்காமலே ஆஃப் செய்ய வேண்டும்.

பிளக் பாயிண்ட் எல்லாம் தரையிலிருந்து நாலடி உயரத்தில். ஒயர் பைப் மேலிருந்து இறங்க வேண்டும், தரை வழியாக ஓடக்கூடாது.

தண்ணீர் வெளியேற்றும் மோட்டாருக்குத் தனி லைன், தனி ஆர்சிசிபி. அயர்ன் பாக்ஸில் கசிவு வந்து ட்ரிப் ஆனால் மோட்டாரும் சேர்ந்து நிற்கக் கூடாதல்லவா?

படிக்கட்டு லைட்டுக்கு மேலேயும் கீழேயும் டூ-வே சுவிட்ச், அதுவும் இன்வெர்ட்டர் லைனில். ஆனால் மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். அதை டிபியிலேயே எழுதி ஒட்டச் சொன்னேன்.

எர்த் குழி. நம் ஊர்ப் பாறை மண் கோடையில் காய்ந்துவிடும், எர்த் வேலை செய்யாது. கரி, உப்பு போட்ட குழியோ கெமிக்கல் எர்த்தோ, எதுவானாலும் மீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது பைப் எங்கே என்று அதுதான் சொல்லும்.

மின் ஸ்கூட்டரைச் செல்லாரில் சார்ஜ் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பேட்டரி தீப்பிடித்தால் கீழ்த்தளத்தில் புகை போக வழியில்லை.

பழைய வயரிங்காரர் முதலில் முகம் சுளித்தார். செலவு கூடும் என்று மகனும் இழுத்தான். நான் அதிகம் பேசவில்லை. "உன் அப்பாவுக்கு இது கிடைக்கவில்லை" என்று மட்டும் சொன்னேன். அவன் எழுந்து போய்ப் பூச்சுக்காரர்களிடம் ஒரு வாரம் கழித்து வரச் சொன்னான்.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. ஆர்சிசிபியில் 'டி' என்று போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். மாணவர் அழுத்தினார். 'டக்' என்று விழுந்தது, கீழே இருட்டானது. படியில் உட்கார்ந்திருந்த அண்ணி, "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் அண்ணி என்றேன். 50 வருடம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொரு தடவை அழுத்தச் சொல்லு" என்றார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆர்சிசிபி இருக்கிறதென்று தைரியமாகக் கை வைக்காதீர்கள். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் அதற்குத் தெரியாது. எர்த்தும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும், காலில் செருப்பும் வேண்டும்.

இன்றைக்கே உங்கள் வீட்டு டிபியைத் திறந்து அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பார்த்தவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், டீச்சர் திருத்துவேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்