எந்தக் கோட்டுக்குள் நம் தெரு?

எல்லை போடுவது இந்த நாட்டில் புதுசல்ல. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று கோடு கிழித்தவர்கள் யாரும் என்ஜினியரிங் காலேஜில் படித்தவர்களல்ல. சேரி எங்கே இருக்கவேண்டுமென்று சேரியைக் கேட்டு அவர்கள் தீர்மானிக்கவுமில்லை. அந்தக் கோட்டிலிருந்து தப்பித்துத்தான் நம் சனங்கள் பட்டணம் வந்தார்கள். கிராமத்தைச் சாதியின் கோட்டையாகக் கண்ட அண்ணல் அம்பேத்கரும் நகரத்தின்மேல் நம்பிக்கை வைத்தார். பட்டணத்தில் என்ன நடந்தது?

சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் 1920லேயே வந்துவிட்டது. இப்போதிருப்பது 1971ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், திறந்தவெளி என்று பிரித்து, எங்கே எது வரலாம் என்று சொல்லும் முழுமைத் திட்டத்துக்கு அதுதான் அடிப்படை. சென்னைக்கு முதல் திட்டம் 1976லும் இரண்டாவது திட்டம் 2008லும் ஒப்புதலாயின. வரைவு வெளியான பிறகு யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை சொல்லலாம், அதற்குக் குறைந்தது 2 மாத அவகாசம் தரவேண்டும் என்கிறது சட்டம். நல்லதுதான். ஆனால் ஆட்சேபணை எழுத்து மூலம் இருக்கவேண்டும். எழுத்து யாரிடம் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சில வருஷங்களுக்கு முன், கூவக்கரைக் குடியிருப்பு ஒன்றில், ஒரு திட்ட வரைபடத்தை டீக்கடை பெஞ்சில் விரித்து வைத்திருந்தோம். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ‘நிலப்பயன்பாட்டு மண்டலம்’ என்று போட்டிருந்தது. தமிழ்தான், ஆனா எனக்கே விளங்கல. பொறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற ஆயா ஒருத்தி கேட்டாங்க: “இன்னா நைனா, ஆறு கீது, பாலம் கீது. நம்ம தெரு எங்க கீது?” விரலை வைத்துத் தேடினேன். நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை இருந்தது. தெரு இல்லை.

வரைபடத்தில் இல்லாத தெருவைக் காலி பண்ணுவது சுலபம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டித் தருவது வழக்கமாயிருந்தது. பின்னால் அது கைநழுவியது. 2000 வாக்கில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சனங்களை நகரத்தின் விளிம்புக்கு அனுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. வீட்டுவேலை, கூலிவேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் பழைய இடத்தில்; ஆள் மட்டும் புது இடத்தில். ஊருக்கு வெளியே மறுபடியும் ஒரு சேரி.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பெருநகரத் திட்டக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்குப் பேர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. அதே திருத்தம்தான் நகர மன்றங்களில் நமக்கு மக்கள்தொகைக்கேற்ற இடங்களையும் ஒதுக்கியது. நம் கவுன்சிலர்கள் தெருவிளக்கோடும் குழாயோடும் நின்றுவிடாமல் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோடு போட்டு முடித்த பிறகு கருத்துக் கேட்பது பங்கேற்பு ஆகாது. கோடு போடும் முன்னால் நம் தெருவுக்கு வந்து, நம் பேச்சில் கேட்கட்டும்.

அன்றைக்கு ஆட்சேபணை எழுதுவதற்கு முன் வேறொரு வேலை செய்தோம். ஆயா சொல்லச் சொல்ல, குழாயடி, பால்வாடி, அம்மன் கோயில், சர்ச், ஒவ்வொரு வாசலும் நோட்டுப் புத்தகத்தில் வரைந்தோம். ஆட்சேபணை மனுவுக்கு முதல் பக்கமாக அதைத்தான் வைத்தோம்.