பாமினியில் அடிச்ச எங்கட மலர்கள்

தோட்டவெளியில கோயில் மலரோ கழக மலரோ போடுறதெண்டா முதல் வாற கேள்வி: எந்த மென்பொருளில பக்கம் வடிவமைக்கிறது?

கேள்வி பழசு. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் மக்கின்டோஷ் கணினிக்குப் பேஜ்மேக்கரை வெளியிட்டது. ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோர்த்த வேலை மேசைக்கு வந்தது. 1994இல் ஆல்டஸ் அடோபியின் கைக்குப் போனது. இலங்கைத் தமிழ் அச்சகங்களில் பேஜ்மேக்கருக்குத் துணை பாமினி எழுத்துரு.

பாமினியில் ‘தமிழ்’ எண்டு திரையில தெரியும்; கோப்புக்குள்ள இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில அதுதான் தெரியும். தமிழில் தேடினாலும் ஒண்டும் கிடைக்காது.

யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் குடுத்திட்டுது. ஆனால் 2001இல் வந்த கடைசிப் பதிப்பான பேஜ்மேக்கர் 7கூட அதை ஏற்கவில்லை. அதாலயும் ஆக்கள் பாமினியை விடேல்லை.

இண்டைக்கு அந்தச் சாட்டு இல்லை. இன்டிசைன் யூனிகோடு தமிழைச் சரியாகக் கோர்க்கும். ஆனால் சந்தா கட்ட வேணும். ஸ்கிரைபஸ் இலவசம், 2024இல் வந்த 1.6 பதிப்பில் கொம்பும் புள்ளியும் இடம் மாறாது.

மலர் இரண்டிலும் வடிவாக வரும். 1544இல் மன்னாரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களைப் பற்றி நாங்கள் இண்டைக்கு எழுதுறதை, இருபது வருசம் கழிச்சு ஒரு பிள்ளை தேடினால் கிடைக்க வேணும். தெரிவுக்கு அதுதான் அளவுகோல். பழைய பாமினிக் கோப்புகளையும் கணினி பழுதாக முதல் யூனிகோடுக்கு மாத்தி வைப்பம்.